"எங்கள் கணவர்" என்று சொல்லிவிட்டீர்களா? ஜெர்மனில் குடும்பத்தைப் பற்றிப் பேசும்போது வரும் பிழைகள், அறிகுறி வாரியாக

"டஸ் இஸ்ட் உன்ஸெர் மன்."

ஏ1 என்னும் முதல்நிலை ஜெர்மன் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஒருவர், போனில் கணவரின் போட்டோவைக் காட்டி வகுப்பில் சொன்ன வாக்கியம் இது. வேற்றுமை சரி, பால் சரி, விகுதி சரி. பொருள் மட்டும் "இவர் எங்கள் கணவர்" என்று ஆகிவிட்டது. எத்தனை பேருக்கு என்று யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வது? அவர் மனதில் ஓடியது "இவர்தான் எங்க வீட்டுக்காரர்" என்ற அழகான தமிழ்.

மாலை நேரத்தில் ஜெர்மன் சொல்லிக்கொடுப்பவன் நான். 2007-ல் ஜெர்மனியின் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, அங்கிருக்கும் கணவரிடமோ மனைவியிடமோ போய்ச் சேர விசா கேட்பவர்கள், சில விலக்குகள் தவிர, ஏ1 அளவு ஜெர்மன் தெரியும் என்று காட்ட வேண்டும். என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் அப்படிக் காத்திருப்பவர்கள். மைன், டைன், ஸைன் (என், உன், அவனுடைய) அட்டவணையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். வாயைத் திறந்து குடும்பத்தைப் பற்றிப் பேசினால் பிழை வரும். அந்தப் பிழைகளை எழுதி வைத்துப் பார்த்தேன். பெரும்பாலானவை அட்டவணை தெரியாததால் வருபவை இல்லை. அடியில் ஒரு தமிழ் வாக்கியம் ஓடுகிறது, அது மேலே கசிகிறது. கசிவு எங்கே என்று தெரிந்தால் அடைப்பது எளிது.

எழுத்து பற்றி ஒன்று. ஜெர்மன் சொற்களை அதன் எழுத்துக்கூட்டலை ஒட்டித் தமிழில் எழுதியிருக்கிறேன். கடைசியில் வரும் "எர்" பேச்சில் தேய்ந்து "அ" மாதிரிதான் கேட்கும். "மைனெர் முட்டெர்" என்று நான் எழுதுவது காதில் "மைனா முட்டா" என்று விழும்.

முதலில் ஒரு சோதனை

அப்பா, அம்மா, குழந்தை, பெற்றோர். இந்த நால்வரையும் மூன்று வாக்கியங்களில் போட்டுச் சத்தமாகச் சொல்லுங்கள். "டஸ் இஸ்ட்..." (இது என்...), "இஷ் பெஸூஹெ..." (என்...ஐப் பார்க்கப் போகிறேன்), "இஷ் ஷ்ப்ரெஷெ மிட்..." (என்...ஓடு பேசுகிறேன்).

விடைகள் இவை. அப்பாவுக்கு மைன் ஃபாட்டெர், மைனென் ஃபாட்டெர், மைனெம் ஃபாட்டெர். அம்மாவுக்கு மைனெ முட்டெர், மறுபடி மைனெ முட்டெர், பிறகு மைனெர் முட்டெர். குழந்தைக்கு மைன் கின்ட், மைன் கின்ட், மைனெம் கின்ட். பெற்றோருக்கு மைனெ எல்டெர்ன், மைனெ எல்டெர்ன், மைனென் எல்டெர்ன்.

பன்னிரண்டில் எங்கே நாக்கு தடுக்கியதோ அந்த அறிகுறிக்கு நேராகப் போகலாம். பன்னிரண்டும் சரி, ஆனாலும் பேச்சில் பிழை வருகிறது என்றால் மரியாதை, "எங்க", உறவுச் சங்கிலி ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள்.

அறிகுறி: எல்லோருக்கும் "மைன்"தான் வருகிறது

மைன் முட்டெர், மைன் எல்டெர்ன், மைன் கின்டெர். காரணம் தெளிவு. தமிழில் "என்" அசையாது. என் அப்பா, என் அம்மா, என் பிள்ளைகள், எல்லாவற்றுக்கும் ஒரே "என்". ஜெர்மனில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் வால் உண்டு. பின்னால் வரும் ஆள் யார் என்பதைப் பொறுத்து வால் மாறும். பெண்பாலுக்கும் பன்மைக்கும் "எ" சேரும், ஆண்பாலுக்கும் அஃறிணைப் பாலுக்கும் எழுவாயாக வரும்போது வால் இல்லை.

மருந்து: "மைன்" என்பதைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். ஆளோடு ஒட்டியே பழகுங்கள். "மைனெமுட்டெர்" ஒரே சொல், "மைன்ஃபாட்டெர்" ஒரே சொல். எல்டெர்ன் (பெற்றோர்), கெஷ்விஸ்டெர் (கூடப்பிறந்தவர்கள்) இரண்டும் பன்மையாகவே புழங்குபவை. அவற்றோடு மொட்டையாக "மைன்" வரவே கூடாது. ஒரு வாரத்தில் சரியாகிவிடும் நோய் இது.

அறிகுறி: "அவளுடைய அண்ணன்" என்று சொல்லும்போது "ஈரெ ப்ரூடெர்" என்கிறீர்கள்

அவள் பெண், அதனால் பெண்பால் வால் என்று மூளை கணக்குப் போடுகிறது. இங்கே இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள், இரண்டு இடங்களும் இருக்கின்றன. சொல்லின் தலை உரிமையாளரைப் பார்க்கும். அவன் என்றால் ஸைன், அவள் என்றால் ஈர். சொல்லின் வால் உறவினரைப் பார்க்கும். அண்ணன் ஆண், எழுவாயாக வருகிறார், ஆகவே வால் இல்லை: ஈர் ப்ரூடெர். அவனுடைய அக்கா என்றால் தலை ஸைன், அக்கா பெண் என்பதால் வால் "எ": ஸைனெ ஷ்வெஸ்டெர்.

தலையைப் பொறுத்தவரை தமிழர்களுக்குக் கஷ்டம் இருக்கக் கூடாது. அவனுடைய, அவளுடைய என்று உரிமையாளரைப் பார்த்துத்தான் நாமும் பிரிக்கிறோம். பிரெஞ்சு பேசுபவர்களுக்கு அந்த வசதிகூட இல்லை. வாலைத் தனியாக, பின்னால் போடுங்கள். தலையைச் சொல்லி அரை நொடி நின்று, "அடுத்து வருவது யார்?" என்று கேட்டுவிட்டு வாலைச் சேருங்கள். கொஞ்ச நாள் திக்குவாய் மாதிரி இருக்கும், இருக்கட்டும்.

அறிகுறி: அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்து, இரண்டாவது வாக்கியத்தில் அவர் பலராகிவிடுகிறார்

"மைன் ஃபாட்டெர் இஸ்ட் லேரெர். ஸீ வோனென் இன் மதுரை. ஈர் ப்ரூடெர்..." கேட்பவருக்குக் குழப்பம். அப்பா ஆசிரியர் என்றீர்கள், "அவர்கள்" மதுரையில் வசிக்கிறார்கள் என்கிறீர்கள், யார் அந்த அவர்கள்?

இது மரியாதைக் கசிவு. "அப்பா டீச்சர், அவங்க மதுரைல இருக்காங்க, அவங்க தம்பி..." என்று நாம் சொல்லும்போது "அவங்க" இலக்கணத்தில் பன்மை, பொருளில் ஒருவர். வாய் அப்படியே ஸீ, ஈர் என்று போய்விடுகிறது. அம்மா விஷயத்தில் பிழை இன்னும் மறைவாக இருக்கும். அவளுக்கும் "ஸீ", அவர்களுக்கும் "ஸீ" என்பதால் "ஸீ" சரியாகவே அமைந்துவிடும், வினைச்சொல் மட்டும் பன்மைக்குப் போகும்: ஸீ வோனென். வேண்டியது ஸீ வோன்ட்.

ஜெர்மனில் மரியாதை எதிரில் நிற்பவருக்கு மட்டும்தான். உங்களோடு பேசும் அதிகாரிக்குப் பெரிய எழுத்தில் தொடங்கும் "ஸீ", "ஈர்" உண்டு. அங்கே இல்லாத மூன்றாம் மனிதர் யாராக இருந்தாலும், அந்த நாட்டின் ஜனாதிபதியே ஆனாலும், ஆண் என்றால் "எர்", அவருடையது "ஸைன்". மாமனாரை "எர்" என்று சொல்லக் கூசுகிறது என்று ஒரு மாணவி சொன்னார். "அவன்" என்று சொல்வது மாதிரி இருக்கிறதாம். "எர்" என்பதை அவன் என்று மொழிபெயர்த்துப் படித்ததால் வந்த வினை. அது அவனும் இல்லை அவரும் இல்லை, இரண்டுக்கும் சேர்ந்த ஒரே சொல். சொல்பட்டியலில் "எர்: அவர், அவன்" என்று அவரை முதலில் எழுதி வையுங்கள், கூச்சம் போகும்.

யாழ்ப்பாணத் தமிழ் பேசுபவர்களிடம் இந்தக் கசிவு குறைவு. அங்கே மரியாதையாகவே அப்பா "அவர்", அம்மா "அவா" என்று ஆண் பெண் பிரிந்துவிடுகிறது. எர், ஸீ இரண்டும் அதில் அப்படியே பொருந்தும். "அவங்க" என்று ஒரே சொல்லில் எல்லோரையும் அள்ளிக்கொள்ளும் நமக்குத்தான் கூடுதல் வேலை.

அறிகுறி: ஒற்றைப் பிள்ளையான நீங்கள் "உன்ஸெரெ முட்டெர்" என்கிறீர்கள்

தொடக்கத்தில் சொன்ன "எங்கள் கணவர்" இந்த வகை. எங்க அம்மா, எங்க ஊரு, எங்க வீட்டுக்காரர். பேச்சில் "என் அம்மா" என்று சொன்னால்தான் ஏதோ சினிமா வசனம் மாதிரி இருக்கிறது. தமிழில் குடும்பம் ஒரு கூட்டுச் சொத்து, "எங்க" என்பது நான் அதைச் சேர்ந்தவன் என்று மட்டுமே சொல்லும். ஜெர்மனில் "உன்ஸெர்" தலைகளை எண்ணும். உன்ஸெரெ முட்டெர் என்றால் அம்மாவுக்கு உங்களைத் தவிர இன்னொரு பிள்ளை உண்டு, அவர் பக்கத்தில் நிற்கிறார் அல்லது அவரையும் சேர்த்துப் பேசுகிறீர்கள் என்று பொருள்.

மருந்து சுலபம். "எங்க" என்று மனதில் தோன்றியவுடன் "நான் ஒருத்தன் சொன்னாலும் இது சரியா?" என்று கேளுங்கள். கணவர், மனைவி, மாமியார் என்றால் கண்ணை மூடிக்கொண்டு மைன், மைனெ. தம்பதியாக உட்கார்ந்து பிள்ளையைப் பற்றிப் பேசினால் உன்ஸெர் ஸோன், உன்ஸெரெ டொஹ்டெர். அங்கே "எங்க பையன்" சரியாகவே பொருந்துகிறது.

"நம்ம", "எங்க" வித்தியாசத்தைக் காட்டச் சொல் கேட்டுத் தேடாதீர்கள். ஜெர்மனில் இரண்டும் உன்ஸெர்தான்.

அறிகுறி: "இஷ் ஹாபெ ஐன் ப்ரூடெர்"

தமிழர் வாயில் நான் அதிகம் கேட்கும் பிழை இதுதான். வேண்டியது இஷ் ஹாபெ ஐனென் ப்ரூடெர். ஏன் விழுகிறது? "எனக்கு ஒரு அண்ணன் இருக்கிறான்" என்ற தமிழ் வாக்கியத்தில் அண்ணன் எழுவாய், முதல் வேற்றுமை. ஜெர்மன் வாக்கியத்தில் எழுவாய் நான். அண்ணன் நான் "வைத்திருக்கும்" செயப்படுபொருள். ஐ உருபு வரவேண்டிய இடம், ஆனால் "அண்ணனை" என்று தமிழில் கற்பனைகூடச் செய்ய முடியாது. அதனால் காதுக்கு எச்சரிக்கை மணி அடிப்பதில்லை.

"ஹாபெ" என்ற சொல்லுக்கும் ஆண்பால் உறவுக்கும் நடுவில் "என்" கட்டாயம்: ஐனென் ப்ரூடெர், ஐனென் ஸோன், கைனென் ஒங்கெல். "ஐன்" (ஒரு), "கைன்" (ஒன்றும் இல்லை), "மைன்" மூன்றுக்கும் ஒருமையில் ஒரே வால்தான், ஒன்றில் சரியானால் மூன்றிலும் சரியாகும். பெண்பாலுக்கு இங்கே கவலையே இல்லை. இஷ் ஹாபெ ஐனெ ஷ்வெஸ்டெர், அவ்வளவுதான்.

பயந்துபோய் எல்லா இடத்திலும் "என்" போட ஆரம்பிப்பவர்களும் உண்டு. "டஸ் இஸ்ட் மைனென் ப்ரூடெர்" என்று வரும். "இஸ்ட்" சமக்குறி மாதிரி, இரண்டு பக்கமும் முதல் வேற்றுமை. டஸ் இஸ்ட் மைன் ப்ரூடெர்.

கேட்டுக் கேட்டே சரியாகிவிடும் என்று நம்ப வேண்டாம். வேகமாகப் பேசும் ஜெர்மானியர் "மைனென்" என்பதை "மைன்ன்" என்று விழுங்கிவிடுவார். காதில் "மைன்" மட்டும் தேறும். இந்த வாலைக் கண்ணால் பார்த்துத்தான் பிடிக்க முடியும்.

அறிகுறி: டாட்டிவ், அக்குஸாட்டிவ் எங்கே எது என்று எப்போதும் மாறிப்போகிறது

இதில் கொஞ்சம் நேரம் செலவழிக்கலாம், ஏனென்றால் தமிழ் இங்கே பாதி நண்பன், பாதி எதிரி.

எண்ணில் ஒரு பொறி இருக்கிறது. ஜெர்மன் பள்ளி இலக்கணத்தில் டாட்டிவ் (ஏறக்குறைய நம் "கு") மூன்றாவது வேற்றுமை, அக்குஸாட்டிவ் (ஏறக்குறைய நம் "ஐ") நான்காவது. தமிழில் "கு" உருபுதான் நான்காம் வேற்றுமை, "ஐ" இரண்டாம் வேற்றுமை. ஜெர்மன்காரர்களின் இரண்டாவதோ கெனிட்டிவ், அதாவது நம் ஆறாம் வேற்றுமை வேலை. பழைய பாடநூலில் "நான்காவது" என்று பார்த்துவிட்டு "கு" என்று புரிந்துகொண்டால் எல்லாம் தலைகீழ். எண்ணை மறந்து உருபைப் பிடியுங்கள்.

நண்பனாக இருக்கும் இடங்கள் இவை. அம்மாவுக்கு உதவுகிறேன்: இஷ் ஹெல்ஃபெ மைனெர் முட்டெர். அம்மாவுக்கு நன்றி சொல்ல டங்கென், அப்பாவுக்குப் பதில் சொல்ல அன்ட்வோர்டென், அக்காவுக்கு வாழ்த்துச் சொல்ல க்ராடுலீரென், இது தம்பிக்குச் சொந்தம் என்பதற்கு கெஹோரென், எனக்குப் பிடித்திருக்கிறது என்பதற்கு கெஃபாலென். தமிழில் "கு" வருகிறது, ஜெர்மனில் டாட்டிவ் வருகிறது. உலகத்தில் பாதிப் பேர் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யும் வினைகள், நமக்குச் சும்மா வருகின்றன.

இன்னொரு பரிசு, பேச்சுத் தமிழின் "ஓட". "அப்பாவோட போனேன்" என்றால் மிட் மைனெம் ஃபாட்டெர். "அப்பாவோட கார்" என்றால் டஸ் ஆவுட்டோ ஃபொன் மைனெம் ஃபாட்டெர். நம் "ஓட" கூடப் போவதையும் சொல்லும், உரிமையையும் சொல்லும். ஜெர்மனில் அவை இரண்டும் வேறு சொற்கள், மிட், ஃபொன். ஆனால் இரண்டுமே டாட்டிவ் கேட்பவை. எந்த "ஓட" என்று யோசிக்காமலே வாலை மாற்றிவிடலாம்: மைனெம், மைனெர், பன்மைக்கு மைனென். பன்மையில் ஆளின் பெயரோடும் "ன்" ஒட்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்: மிட் மைனென் கின்டெர்ன்.

எதிரியாக மாறும் இடங்கள் நான்கு. இந்த நான்கையும் பாராமல் சொல்லுமளவுக்குப் பழகினால் டாட்டிவ் தொல்லையில் பெரும்பகுதி போய்விடும்.

அம்மாவுக்குப் போன் பண்ணுகிறேன். "கு" இருக்கிறது, ஆனால் அன்ரூஃபென் என்ற வினை அக்குஸாட்டிவ் கேட்கும்: இஷ் ரூஃபெ மைனெ முட்டெர் அன். "அம்மாவை அழைக்கிறேன்" என்று மனதில் மாற்றிக்கொண்டால் சரியாக வரும்.

அப்பாகிட்ட கேட்டேன். ஃப்ராகென் அக்குஸாட்டிவ்: இஷ் ஃப்ராகெ மைனென் ஃபாட்டெர். "அப்பாவைக் கேட்டேன்" என்று சொல்லும் வழக்கம் நம்மிடமும் உண்டு, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பையனுக்காக வாங்கினேன். "ஃப்யூர்" என்ற சொல்லுக்குப் பின்னால் எப்போதும் அக்குஸாட்டிவ்: ஃப்யூர் மைனென் ஸோன். "பையனுக்காக" என்பதற்குள் ஒரு "கு" ஒளிந்திருக்கிறது, அது ஆளை ஏமாற்றும்.

கணவர் இல்லாமல் வந்தேன். தமிழில் உருபே இல்லை, அதனால் "ஓனெ மைன் மன்" என்று விழும். "ஓனெ"வும் ஃப்யூர் மாதிரி அக்குஸாட்டிவ்: ஓனெ மைனென் மன்.

அறிகுறி: அண்ணன் மனைவியைச் சொல்லப்போய் "மைன் ப்ரூடெர்ஸ் ஃப்ராவ்" வருகிறது

தமிழில் உறவு ரயில்பெட்டி மாதிரி இடமிருந்து வலமாக ஓடும். என் அண்ணனோட பொண்டாட்டியோட அப்பா. இஞ்சின் "என்". ஜெர்மனில் ரயில் பின்னோக்கி வரும், கடைசிப் பெட்டி முதலில்: டெர் ஃபாட்டெர் ஃபொன் டெர் ஃப்ராவ் ஃபொன் மைனெம் ப்ரூடெர். "என்" கடைசியில் நிற்கிறது. இப்படி மூன்று பெட்டி போட ஏ1-ல் யாரும் கேட்க மாட்டார்கள், இரண்டு போதும்: டீ ஃப்ராவ் ஃபொன் மைனெம் ப்ரூடெர். எழுத்தில் இன்னும் நேர்த்தியாக வேண்டுமானால் கெனிட்டிவ்: டீ ஃப்ராவ் மைனெஸ் ப்ரூடெர்ஸ்.

முன்னால் "ஸ்" ஒட்டும் வசதி பெயர்களுக்கும் அம்மா, பாட்டி போன்ற அழைப்புச் சொற்களுக்கும் உண்டு. அன்னாஸ் முட்டெர், ஓமாஸ் ஹவ்ஸ். "மைன் ப்ரூடெர்" என்பது பெயர் இல்லை, அங்கே அது ஒட்டாது.

இந்தச் சங்கிலி நமக்கு இன்னொரு காரணத்துக்காகவும் வேண்டும். மாமா, சித்தப்பா, பெரியப்பா மூவருக்கும் ஜெர்மனில் ஒரே ஒங்கெல். அத்தை, சித்தி, பெரியம்மா எல்லோரும் டான்டெ. வித்தியாசம் காட்ட வேண்டுமென்றால் சங்கிலிதான் வழி. தாய்மாமா: டெர் ப்ரூடெர் மைனெர் முட்டெர். அத்தை: டீ ஷ்வெஸ்டெர் மைனெஸ் ஃபாட்டெர்ஸ். ஒரு காலத்தில் ஜெர்மனும் நம்மைப் போலத்தான் இருந்தது. தாய்மாமா ஓஹைம், தாயின் சகோதரி மூமெ, தந்தையின் சகோதரன் ஃபெட்டெர், தந்தையின் சகோதரி பாஸெ. பிரெஞ்சிலிருந்து ஒங்கெலும் டான்டெயும் வந்து உட்கார்ந்த பிறகு அவை ஒதுங்கிவிட்டன. ஃபெட்டெர் மட்டும் சித்தப்பா மகன், மாமா மகன் வகை உறவுக்கு இன்னும் புழங்குகிறது. அதற்குச் சாதாரணமாக இப்போது சொல்வது குஸெங், பெண் என்றால் குஸீனெ.

அதனால் சித்தப்பா மகளை "மைனெ ஷ்வெஸ்டெர்" என்று சொல்லாதீர்கள். நமக்கு அவள் தங்கச்சிதான், சந்தேகமே இல்லை. ஆனால் கேட்பவர் உடனே "அப்படியானால் உங்களுக்கு எத்தனை கூடப்பிறந்தவர்கள்?" என்று எண்ணத் தொடங்குவார், படிவத்தில் எழுதியது வேறாக இருக்கும்.

அறிகுறி: அண்ணன் என்று அழுத்திச் சொல்லப் போய் வால்கள் சிக்கிக்கொள்கின்றன

ப்ரூடெர் என்றால் அண்ணனா தம்பியா தெரியாது. தமிழனுக்கு அது தாங்காது. உடனே "எல்டெர்" (மூத்த) சேர்க்கப் போய் "மைன் எல்டெர் ப்ரூடெர்" ஆகிறது. சரியானது மைன் எல்டெரெர் ப்ரூடெர். "மைன்" வால் இல்லாமல் நின்றால் அந்த வாலை அடுத்த சொல் சுமக்கும், அதனால் இரண்டாவது "எர்". பெண்பாலில் மைனெ யூங்கெரெ ஷ்வெஸ்டெர் (தங்கை), இரண்டிலும் "எ". மைன் ஏற்கெனவே என், எம், எர் என்று வால் போட்டுவிட்டால் நடுவில் நிற்பது எப்போதும் "என்": மைனென் எல்டெரென் ப்ரூடெர், மிட் மைனெர் யூங்கெரென் ஷ்வெஸ்டெர். முடியவில்லை என்றால் விட்டுவிடுங்கள். வெறும் ப்ரூடெர் சொல்வதால் தேர்வில் யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை.

அறிகுறி: "ஈர்" என்று கேட்டவுடன் தலை சுற்றுகிறது

அவளுடைய, அவர்களுடைய, உங்களுடைய (மரியாதை), நீங்கள் எல்லோரும், அவளுக்கு. ஐந்துக்கும் ஒரே ஒலி. அடுத்து என்ன வருகிறது என்று பாருங்கள். பெயர்ச்சொல் வந்தால் உரிமை: ஈர் ப்ரூடெர். "ட்" என்று முடியும் வினை வந்தால் நீங்கள் எல்லோரும்: ஈர் கோம்ட். வினைக்குப் பின்னால் தனியாக நின்றால் பெரும்பாலும் அவளுக்கு: இஷ் ஹெல்ஃபெ ஈர். எழுத்தில் மரியாதை "ஈர்" எங்கே வந்தாலும் பெரிய எழுத்தில் தொடங்கும். பேச்சில் அந்த உதவி இல்லை, எதிரில் இருப்பவர் உங்களைப் பார்த்துக் கேட்டால் அது உங்களுடையதுதான்.

கேள்வி புரிந்தும் பதிலில் கோட்டைவிடுபவர்கள் உண்டு. "வோ வோனென் ஈரெ எல்டெர்ன்?" என்று கேட்டால் "ஈரெ எல்டெர்ன் வோனென் இன் சேலம்" என்று வரும். கேட்டவருடைய பெற்றோர் சேலத்தில் குடியேறிவிட்டார்கள். "உங்க அப்பா அம்மா எங்க இருக்காங்க?" என்றால் "சேலத்துல" என்று உறவையே விட்டுவிட்டுப் பதில் சொல்லும் பழக்கம் நமக்கு, முழு வாக்கியத்தில் பதில் சொல்ல வேண்டும் என்றவுடன் கேள்வியைக் கிளிப்பிள்ளையாகத் திருப்புகிறோம். கேள்வியில் டைன் அல்லது ஈர் என்றால் பதிலில் மைன். கேள்வியில் ஓயெர் (உங்கள் எல்லோருடைய) என்றால் பதிலில் உன்ஸெர். இருவர் இருவராக உட்கார்ந்து வேகமாகக் கேட்டுப் பழகினால்தான் இது போகும்.

சில்லறைப் பிழைகள்

ஓயெர் (உங்கள் எல்லோருடைய) வால் போடும்போது நடுவில் ஒரு "எ" விழுந்துவிடும். ஓயெரெ முட்டெர் இல்லை, ஓய்ரெ முட்டெர்.

நெஃபெ (கூடப்பிறந்தவர் மகன்) எழுவாயாக இல்லாதபோது தானும் "ன்" போட்டுக்கொள்ளும்: இஷ் பெஸூஹெ மைனென் நெஃபென்.

மைன் ஃப்ரோய்ன்ட் என்று ஒரு பெண் சொன்னால் பெரும்பாலும் காதலன் என்றுதான் புரிந்துகொள்வார்கள். வெறும் நண்பன் என்றால் ஐன் ஃப்ரோய்ன்ட் ஃபொன் மிர். குடும்பப் போட்டோ காட்டும்போது இதில் கவனம்.

மேட்ஷென் (சிறுமி) இலக்கணப்படி அஃறிணைப் பால். அவளுடைய அம்மா ஸைனெ முட்டெரா, ஈரெ முட்டெரா? புத்தகம் ஸைனெ என்று தொடங்கும், பேச்சில் ஈரெ சர்வ சாதாரணம். இரண்டையும் ஏற்பார்கள்.

"தன்" என்ற சொல்லுக்கு ஜெர்மனில் நேர்ச்சொல் கிடையாது. "அன்னா, மரியாவையும் தன் அம்மாவையும் பார்க்கப் போனாள்", "அவள் அம்மாவையும்" என்று நாம் பிரிப்பதை ஈரெ முட்டெர் பிரிக்காது. மரியாவின் அம்மா என்று சந்தேகமில்லாமல் சொல்ல டெரென் முட்டெர் என்பார்கள், ஆண் என்றால் டெஸ்ஸென். ஏ1, ஏ2-ல் பெயரையே திருப்பிச் சொல்லிவிடுவது நல்லது: மரியாஸ் முட்டெர்.

ஒரு பத்தியைப் பழுது பார்ப்போம்

கதே இன்ஸ்டிட்யூட்டின் ஏ1 பேச்சுத் தேர்வில் முதல் பகுதி தன்னறிமுகம்: பெயர், வயது, நாடு, ஊர், மொழிகள், தொழில், பொழுதுபோக்கு. குடும்பம் அந்தப் பட்டியலில் இல்லை. இருந்தாலும் நம்மவர்கள் குடும்பத்தைச் சொல்லாமல் அறிமுகத்தை முடிப்பதில்லை. தேனிக்காரர் ஒருவர் எழுதிக்கொண்டு வந்தது இப்படி இருந்தது:

"மைன் ஃபமீலியெ ஹாட் ஃப்யூன்ஃப் பெர்ஸோனென். உன்ஸெர் ஃபாட்டெர் இஸ்ட் பவுஎர். ஸீ வோனென் இன் தேனி. இஷ் ஹாபெ ஐன் ப்ரூடெர். மைன் ப்ரூடெர்ஸ் ஃப்ராவ் இஸ்ட் லேரெரின். இஷ் ரூஃபெ மைனெர் முட்டெர் யேடென் டாக் அன்."

வரிசையாகப் போவோம். ஃபமீலியெ பெண்பால், மைனெ. இரண்டாவதில் "எங்க அப்பா", மைன். மூன்றாவதில் "அவங்க", எர் வோன்ட். நான்காவதில் ஹாபெ, ஐனென். ஐந்தாவதில் ரயில் திசை மாறி ஓடுகிறது. ஆறாவதில் அம்மாவுக்குப் போன், மைனெ.

திருத்தியது: "மைனெ ஃபமீலியெ ஹாட் ஃப்யூன்ஃப் பெர்ஸோனென். மைன் ஃபாட்டெர் இஸ்ட் பவுஎர். எர் வோன்ட் இன் தேனி. இஷ் ஹாபெ ஐனென் ப்ரூடெர். டீ ஃப்ராவ் ஃபொன் மைனெம் ப்ரூடெர் இஸ்ட் லேரெரின். இஷ் ரூஃபெ மைனெ முட்டெர் யேடென் டாக் அன்."

படித்துப் பார்த்துவிட்டு அவர் கேட்ட ஒரே கேள்வி, "அப்போ அவன் என் அண்ணன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?" நான்காவது வாக்கியத்தில் "எல்டெரென்" சேர்த்துக் கொடுத்தேன்.